கம்பியின் சூடு மாறவே இல்லை, ஆனாலும் அது சமநிலை இல்லையாம். ஏன்?

மயூர்விஹார்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பெண் பதினொன்றாம் வகுப்பு. நான் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கம் தமிழ் வழியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, டில்லிக்கு வந்து ஒரு ஆபீசில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவன். படித்த இயற்பியலில் பாதி ரயிலிலேயே இறங்கிவிட்டது, மிச்சம் இருந்த பாதியை நேற்று ராத்திரி பெண் காலி பண்ணிவிட்டாள்.

கேள்வி இதுதான். ஒரு உலோகக் கம்பி, ஒரு முனை கொதிக்கிற நீராவியில், மறுமுனை ஐஸில். பக்கவாட்டில் சூடு கசியாமல் நன்றாகச் சுற்றியிருக்கிறது. கொஞ்ச நேரம் போனதும் கம்பியில் எந்த இடத்தில் தெர்மாமீட்டர் வைத்தாலும் அந்த இடத்துச் சூடு மாறாமல் அப்படியே நிற்கும். இதைப் புத்தகத்தில் ஸ்டெடி ஸ்டேட் என்று போட்டிருக்கிறார்கள். நான், "அதான்மா, சமநிலை வந்துடுச்சு" என்றேன். அவள் விடவில்லை. "ஈக்விலிப்ரியம்னா ரெண்டு பக்கமும் ஒரே டெம்பரேச்சர் இருக்கணும்ப்பா, இங்க ஒரு முனை நூறு, ஒரு முனை சைபர், எப்படி ஈக்விலிப்ரியம்?" என்றாள். சரி என்று தலையாட்டினேன். உடனே அடுத்தது: "சூடு உள்ள வந்துக்கிட்டே இருக்குன்னா கம்பி ஏன் இன்னும் இன்னும் சூடாகல? வரலைன்னா ஒரு முனை மட்டும் எப்படி நூறுல நிக்குது?"

குளிராக இருக்கிறது, தூங்கப் போ என்று சொல்லிவிட்டேன். இன்று சாயங்காலம் பதில் சொல்லியாக வேண்டும். ஸ்டெடி ஸ்டேட்டுக்கும் சமநிலைக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? சூத்திரம் வேண்டாம், அது புத்தகத்திலேயே இருக்கிறது. அவளிடம் சொல்ல நாலு வார்த்தை வேண்டும்.

பழைய பிளான்ட் ஆள்:

உங்கள் பெண் சொன்னது சரி, நீங்கள் சொன்னது தப்பு. முதலில் அதை முடித்துவிடுவோம்.

நான் முப்பது வருஷம் ரசாயன ஆலையில் ஷிஃப்ட் பார்த்தவன், இப்போது ஃபரிதாபாத்தில் பேரனோடு. எங்கள் காலத்தில் கன்ட்ரோல் ரூம் சுவரில் காகித ரோல் மெதுவாக நகரும், அதன் மேல் சிவப்பு, பச்சை, நீல மை பேனாக்கள் கோடு போட்டுக்கொண்டே போகும். பிளான்ட்டை ஸ்டார்ட் பண்ணின அன்றைக்கு அந்தக் கோடுகளைப் பார்த்தால் குற்றால மலை மாதிரி இருக்கும். ஒவ்வொன்றாக அடங்கி, எல்லாப் பேனாவும் நேர்கோடு போட ஆரம்பித்த பிறகுதான் ஷிஃப்ட் இன்சார்ஜ் டீ குடிக்க எழுந்து போவார். அதுதான் எங்களுக்கு ஸ்டெடி ஸ்டேட். ஆனால் அந்த நேர்கோட்டுக்குப் பின்னால் டன் கணக்கில் சரக்கு உள்ளே போகிறது, டன் கணக்கில் வெளியே வருகிறது, பாய்லர் எரிகிறது, பம்பு அலறுகிறது. சமநிலைக்கு வந்த பிளான்ட் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் பூட்டிப்போட்டுக் காடு மண்டின ஆலையைத்தான் பார்க்க வேண்டும். அங்கேயும் எந்தக் கோடும் மாறாது.

நீங்கள் கணக்குப் பிரிவு என்கிறீர்கள், அப்புறம் எதற்கு என்னைக் கேட்கிறீர்கள்? ஒருத்தர் பாஸ்புக்கில் மாசா மாசம் முதல் தேதி ஐயாயிரம் பாக்கி நிற்கிறது. இன்னொருத்தர் பாஸ்புக்கிலும் அதே ஐயாயிரம். முதல் ஆளுக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை, கணக்கைத் திறந்து போட்டுவிட்டு மறந்துவிட்டார். இரண்டாவது ஆளுக்கு எண்பதாயிரம் சம்பளம் வருகிறது, வாடகை, ஸ்கூல் ஃபீஸ், மளிகை என்று எண்பதாயிரமும் போகிறது. பாக்கியை மட்டும் பார்த்தால் இரண்டு பேரும் ஒன்றுதான். முதல் ஆள் சமநிலை, இரண்டாவது ஆள் ஸ்டெடி ஸ்டேட்.

இனி கம்பிக்கு வருவோம். நடுவில் ஒரு விரல்கடை நீளத் துண்டை மட்டும் மனசில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீராவிப் பக்கத்திலிருந்து அதற்குச் சூடு வருகிறது, அதே அளவு சூட்டை அது ஐஸ் பக்கம் தள்ளிவிடுகிறது. கையில் எதுவும் தங்கவில்லை, அதனால் சூடு ஏறவில்லை. ஆரம்பத்தில் அப்படி இல்லை. கம்பி குளிர்ந்து கிடந்தபோது ஒவ்வொரு துண்டும் வந்ததில் கொஞ்சத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டு மீதியைத்தான் தள்ளியது, அப்போது அது சூடாகிக்கொண்டிருந்தது. எல்லாத் துண்டும் 'எனக்குப் போதும்' என்று நிறுத்தின நேரம்தான் புத்தகத்தில் சொல்கிற அந்த 'கொஞ்ச நேரம் போனதும்'. அரை மீட்டர் செம்புக் கம்பி என்றால் இது கால் மணி நேரத்தில் ஆகிவிடும். இரும்பு ஆற அமர ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

சூடு நிஜமாகவே ஓடுகிறதா என்று அவள் கேட்டால் கம்பியைப் பார்க்க வேண்டாம், ஐஸைப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மீட்டர் நீளம், ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பு உள்ள செம்புக் கம்பி வழியாகச் சுமார் 8 வாட் ஓடும். மணிக்கு ஏறக்குறைய 86 கிராம் ஐஸ் உருகும், இந்தப் பக்கம் மணிக்கு 13 கிராம் நீராவி தண்ணீராகும். கம்பியில் ஒன்றும் மாறவில்லை, அதன் இரண்டு பக்கமும் மாறிக்கொண்டிருக்கிறது. கம்பி மாறாமல் நிற்பதற்கான பில்லை ஐஸும் நீராவியும் கட்டுகின்றன.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. வெளித்தொடர்பு எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். கம்பியை இரண்டு பக்கமும் உருவி எடுத்து முழுக்கச் சுற்றி மூடி வைத்தால், சூடான பாதி குளிர்ந்து, குளிர்ந்த பாதி சூடேறி, கடைசியில் எல்லா இடமும் 50 டிகிரியில் போய் நிற்கும். இப்போது வந்ததுதான் சமநிலை. வெட்டின பிறகும் மாறாமல் இருந்தால் அது முன்பே சமநிலை. வெட்டினதும் மாற ஆரம்பித்தால் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது ஸ்டெடி ஸ்டேட்.

கரோல்பாக் கரண்ட்:

பெரியவர் சொன்னது அருமை, ஆனால் 'எதுவும் மாறாமல் இருப்பது' என்று அந்தப் பெண் மனப்பாடம் பண்ணிக்கொண்டால் பன்னிரண்டாம் வகுப்பில் ஏசி சர்க்யூட் வரும்போது மறுபடி உங்களிடம் வந்து நிற்பாள். நான் இ.இ.இ. படித்தவன். எங்கள் பாடத்தில் ஸ்டெடி ஸ்டேட் என்றால் ஆடிக்கொண்டே இருப்பதும் சேர்த்திதான். வீட்டு லைனில் வோல்டேஜ் விநாடிக்கு 50 தடவை முழுச் சுற்று சுற்றுகிறது, பிளஸ்ஸும் மைனஸும் விநாடிக்கு நூறு தடவை இடம் மாறுகின்றன. ஆனாலும் சுவிட்ச் போட்ட முதல் நொடிகளின் தடுமாற்றம் அடங்கிப்போய், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் நகலாக வர ஆரம்பித்துவிட்டால் எங்களுக்கு அது ஸ்டெடி ஸ்டேட். ஆட்டம் மாறுகிறது, ஆடும் விதம் மாறவில்லை.

இன்னொன்று. பேட்டரியோடு ஒரு ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் மாட்டினால், கெப்பாசிட்டர் நிரம்பினதும் கரண்ட் நின்றுவிடும். அதையும் ஸ்டெடி ஸ்டேட் என்றுதான் எழுதுவோம். கெப்பாசிட்டரை எடுத்துவிட்டுச் சுருள் ஒன்றை மாட்டினால், கரண்ட் மெதுவாக ஏறி ஒரு அளவில் நிற்கும், நிற்காமல் ஓடும், ரெசிஸ்டர் சுடும், பேட்டரி கரையும். இதுவும் ஸ்டெடி ஸ்டேட். ஒரே பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். முதலாவதில் பில் இல்லை, இரண்டாவதில் பில் உண்டு. அதாவது சமநிலை என்பது ஸ்டெடி ஸ்டேட்டுக்குள் ஒரு தனி வகை. சமநிலை எல்லாம் ஸ்டெடி ஸ்டேட், ஸ்டெடி ஸ்டேட் எல்லாம் சமநிலை கிடையாது. நீங்கள் செய்த தப்பு இதைத் தலைகீழாகப் படித்ததுதான்.

எப்போது வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? கணக்குப்படி பார்த்தால் ஒருநாளும் முழுசாக வராது, நெருங்கிக்கொண்டே போகும். 100 கிலோ ஓம், 100 மைக்ரோ ஃபாரட் மாட்டினால் முதல் 10 விநாடியில் 63 சதவீதம் நிரம்பும், 50 விநாடியில் 99.3 சதவீதம். அதோடு 'வந்தாச்சு' என்று மூட்டை கட்டிவிடுவோம். மிச்சம் இருக்கிற 0.7-ஐப் பார்த்துக் கவலைப்படுகிறவன் இன்ஜினியர் ஆக முடியாது.

மயூர்விஹார்க்காரன்:

பாஸ்புக் உதாரணம் என் தலையில் குட்டின மாதிரி இருந்தது, நன்றி சார். ஒரு சின்ன சந்தேகம். எங்கள் வீட்டில் ரெண்டு ராடு ஹீட்டர் ஒன்று இருக்கிறது, ராடுக்கு 400 வாட். ராத்திரி வெளியே 8 டிகிரி, அறை ஒரு கட்டத்தில் 18-க்கு வந்து அதற்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. ஹீட்டர் மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. இதைச் சொன்னால் சரியாக வருமா?

பழைய பிளான்ட் ஆள்:

வரும். இதை விட்டுவிட்டு ஏன் சார் நீராவிக்குப் போனீர்கள்? 800 வாட் உள்ளே வருகிறது, சுவர், ஜன்னல், கதவிடுக்கு வழியாக 800 வாட் வெளியே போகிறது. பத்து டிகிரி வித்தியாசத்துக்கு 800 என்றால் உங்கள் அறை ஒரு டிகிரிக்கு 80 வாட் ஒழுகுகிறது. ஒரு ராடை அணைத்தால் 13-ல் போய் நிற்கும். ரெண்டையும் அணைத்துவிட்டு வெளியே எப்போதும் 8 என்றே வைத்துக்கொண்டால், கடைசியில் அறையும் 8-க்கு வரும், அது சமநிலை, இலவசம். 18-ல் நிற்பதற்கு எட்டு மணி நேரத்துக்கு 6.4 யூனிட் ஆகும். மீட்டர் ஓடுகிறதா என்று போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், வித்தியாசம் அதிலேயே தெரிந்துவிடும். உள்ளே படுத்திருக்கிற ஆளும் சும்மா இருந்தாலே நூறு வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் சூடு விடுகிறார், துல்லியமாகக் கணக்குப் போடுகிறவள் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு மணி நேரத்தில் காற்றின் சூடு நின்ற மாதிரி இருக்கும், அது பாதிப் பொய். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இன்னும் உள்ளுக்குள் வாங்கிக்கொண்டே இருக்கும், அது நிரம்ப மணிக்கணக்கில் ஆகும். மே மாசம் ராத்திரி பதினோரு மணிக்கும் மாடி வீட்டுச் சுவர் கையைச் சுடுகிறதே, பகலில் வாங்கினதை அப்போதுதான் உள்ளே தள்ளுகிறது.

அப்புறம், எல்லாவற்றுக்கும் ஸ்டெடி ஸ்டேட் கட்டாயம் உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். அடியில் துளை விழுந்த வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்துப் பாருங்கள். தண்ணீர் ஏற ஏற துளை வழியாக வேகமாகப் போகும், ஒரு சாண் உயரத்தில் வரவும் செலவும் ஒன்றாகி மட்டம் நின்றுவிட்டது என்று வையுங்கள். குழாயை இரண்டு மடங்கு திறந்தால் மட்டம் எங்கே நிற்கும்? ரெண்டு சாண் என்பார்கள். இல்லை, நாலு சாண். ஒழுகும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, வேகம் ரெட்டிப்பாக உயரம் நாலு மடங்கு ஆக வேண்டும். வாளியே ஒன்றரை சாண்தான், ஆகவே வழிந்து ஓடும். வழிந்து ஓடுவதும் ஒரு ஸ்டெடி ஸ்டேட்தான், விளிம்பில் மட்டம் மாறாது, பாத்ரூம் தரையைத்தான் யாராவது துடைக்க வேண்டும். தரையில் போகிற சாக்கடைக் குழியும் அடைத்திருந்தால் அப்புறம் ஸ்டெடி ஸ்டேட்டே கிடையாது. இதனால்தான் மூடின அறையில் கரி அங்கீட்டி (கணப்பு அடுப்பு) வைக்காதே என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். சூடு சுவர் வழியாகப் போய்விடும், கார்பன் மோனாக்சைடு போக வழி இல்லை, ஏறிக்கொண்டே இருக்கும். பனிக்காலத்தில் தூக்கத்திலேயே ஆள் போய்விடுவது இப்படித்தான்.

எல்லாத்துக்கும் சந்தேகம்:

மன்னிக்கணும், நடுவில் நுழைகிறேன். நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு இடத்திலும் நான் ஸ்டெடி ஸ்டேட்டைப் பார்த்ததே இல்லை. ஃபிரிட்ஜ் பத்து நிமிஷம் ஓடி நிற்கும். கீசர் கட் ஆகும், மறுபடி போடும். வெளியே 8 டிகிரி என்பதும் விடியற்காலையில் 5 ஆகும். எதுவுமே நிற்பதில்லை, புத்தகக்காரர்கள் வசதிக்காகக் கட்டின கதை இது.

கரோல்பாக் கரண்ட்:

ஃபிரிட்ஜ் சுற்றிச் சுற்றி ஒரே மாதிரி ஓடி நிற்கிறதே, அது நான் மேலே சொன்ன வகை. சராசரி எடுத்தால் நிற்கும்.

பழைய பிளான்ட் ஆள்:

கதைதான், ஆனால் உபயோகமுள்ள கதை. கார்த்திகைக்கு அகல் விளக்கு ஏற்றினால் சுடர் ஐந்து நிமிஷம் அசையாமல் நிற்கும். திரி வழியாக எண்ணெய் ஏறுகிறது, அதே அளவு எரிகிறது. இரண்டு மணி நேரம் பார்த்தால் எண்ணெய் குறைந்து சுடர் கறுக்கும். ஐந்து நிமிஷக் கேள்வி கேட்கிறவனுக்கு அது ஸ்டெடி ஸ்டேட், ராத்திரி முழுக்க எரியுமா என்று கேட்கிறவளுக்கு இல்லை. எவ்வளவு நேரத்துக்கு என்று சேர்த்துச் சொல்லாமல் ஸ்டெடி ஸ்டேட் என்று சொன்னால் நீங்கள் சண்டை பிடிப்பது நியாயம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது என் தொழில் வியாதி. நிற்கிறது என்பதாலேயே நிலைத்து நிற்கும் என்று அர்த்தம் இல்லை. வாளியில் ஒரு செம்பு தண்ணீரைக் கூட ஊற்றினால் துளை வழியாக வேகமாகப் போய்ப் பழைய மட்டத்துக்கே வந்துவிடும். ஆனால் தானே சூட்டைக் கக்குகிற ரசாயன வினை நடக்கிற கலத்தில் வரவும் செலவும் சமமாகிற இடம் மூன்று இருக்கலாம். கீழே ஒன்று, மேலே ஒன்று, நடுவில் ஒன்று. நடுவில் இருப்பது உலக்கையை நிமிர்த்தி நிறுத்தின மாதிரி. ஒரு டிகிரி ஏறினால் வினை வேகமாகி இன்னும் ஏறும், ஒரு டிகிரி இறங்கினால் அணைந்தே போய்விடும். காகிதத்தில் அதுவும் ஸ்டெடி ஸ்டேட்தான். அங்கே பேனா நேர்கோடு போட்டு நான் பார்த்ததில்லை.

ஹாஸ்டல் வாசி:

நான் இங்கே பாய்மவியலில், அதாவது தண்ணீர், காற்று எப்படி ஓடுகிறது என்பதில், ஆராய்ச்சி பண்ணுகிறேன். எங்கள் ஆட்களுக்கு இதில் வேறு ஒரு குழப்பம் வரும், அதையும் உங்கள் பொண்ணுகிட்ட இப்பவே சொல்லிடுங்க அண்ணா.

செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயின் நுனியை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போகும். நீங்கள் விரலை ஆட்டாமல் பிடித்திருந்தால் குழாய்க்குள் ஒவ்வொரு இடத்திலும் வேகம் மாறுவதில்லை, ஆகவே ஸ்டெடி. ஆனால் அதில் போகிற ஒரு துளியோடு நாமும் போனால், குழாய்க்குள் மெதுவாக வந்த துளி நுனியில் சடாரென்று வேகம் எடுக்கிறது. முடுக்கம் இருக்கிறது, விசையும் இருக்கிறது. 'ஸ்டெடி என்றால் முடுக்கம் சைபர்' என்று எழுதி நான் முதல் வருஷத்தில் ஐந்து மார்க் விட்டேன். மாறாமல் இருப்பது இடம், அந்த இடத்தைக் கடந்து போகிற ஆள் இல்லை. காலை ஒன்பது மணிக்கு ராஜீவ் சௌக் மெட்ரோ ஸ்டேஷனில் மஞ்சள் லைனுக்கு இறங்குகிற எஸ்கலேட்டரைப் பார்த்தால் எப்போதும் அதே கூட்டம் நிற்கிற மாதிரிதான் இருக்கும், ஒரு நிமிஷம் முன்னால் நின்ற ஒரு முகம்கூட அங்கே இருக்காது.

பெரிய அளவில் பூமியே இப்படித்தான். சூரியனிடமிருந்து சராசரியாகச் சதுர மீட்டருக்கு 340 வாட் வருகிறது, முப்பது சதவீதம் பட்டுத் திரும்பிவிடுகிறது, மீதி 240 வாட்டை வாங்கிக்கொண்டு பூமி அதே அளவை அகச்சிவப்பாக வெளியே அனுப்ப வேண்டும். கார்பன் டை ஆக்சைடு கூடினதால் இப்போது போவது வருவதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. வாளி கணக்கில் சொன்னால் துளையை விரலால் லேசாக மூடின மாதிரி. மட்டம் ஏறி, புது இடத்தில் போய் நிற்கப் பார்க்கிறது.

பொண்ணு நெட்டில் தேடினால் 1948-ல் பான்டி, கோல்ட், ஹாயில் என்ற மூணு விஞ்ஞானிகளும் கொண்டுவந்த ஸ்டெடி ஸ்டேட் பிரபஞ்சம் என்ற கொள்கையும் வரும், பயந்துவிட வேண்டாம். அங்கேயும் அதே பாஸ்புக்தான். பிரபஞ்சம் விரிவதால் பொருள் நெருக்கம் குறைகிறது, அது செலவு. ஈடு கட்டப் புதுப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகிறது என்றார்கள், அது வரவு. 1965-ல் விண்வெளிப் பின்னணிக் கதிர்வீச்சு (பிரபஞ்சத்தின் சூடான ஆரம்பத்தின் மிச்சம்) பற்றிய செய்தி வெளியானதும் அந்தக் கொள்கைக்கு ஆதரவு கரைந்துபோனது.

எல்லாத்துக்கும் சந்தேகம்:

சரி, எஸ்கலேட்டருக்கு ஒத்துக்கொள்கிறேன். ஃபிரிட்ஜுக்கு இன்னும் இல்லை.

மயூர்விஹார்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன், ரெண்டு நிமிஷத்தில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவளே மீதியைச் சொன்னாள். அப்புறம் சும்மா விடாமல் ஹீட்டரைப் போட்டு, தெர்மாமீட்டரைப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நோட்டில் எழுத ஆரம்பித்தாள். ஏழரைக்கு 13, எட்டுக்கு 15.5, எட்டரைக்கு 16.5, ஒன்பதுக்கு 17. ஒன்பதரைக்கு 17.5-ல் வந்து நின்றது, அவள் பக்கத்தில் ஒரு கோடு போட்டு 'சுவர் இன்னும் வாங்குகிறது' என்று எழுதியிருக்கிறாள். பத்து மணிக்கு என் மனைவி பால் கொண்டுவந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்று, எப்போது படுக்கப் போகிறீர்கள் என்று ஐந்து நிமிஷம் பேசினாள். 15. இன்று மறுபடி முதலிலிருந்து எடுக்கப் போகிறாளாம், கதவில் பேப்பர் ஒட்டியிருக்கிறது.